60 ஆண்டு கடந்த ரெஸ்பான்சா திட்டம்: மணிவிழாவில் எதைக் கொண்டாடுவது?

கேள்வி இதுதான்: "பார்-இலன் பல்கலைக்கழகத்தின் ரெஸ்பான்சா திட்டம் 1963இல் தொடங்கி 60 ஆண்டைத் தாண்டிவிட்டது என்று படித்தேன். எங்கள் கல்லூரி மொழித்தொழில்நுட்ப மன்றத்தில் அதை ஒட்டி ஒரு நிகழ்ச்சி நடத்த ஆசை. ஆனால் அது யூத சமய நூல்களின் மின்தொகுப்புதானே? கொண்டாட அதில் என்ன இருக்கிறது? எபிரேயம் தெரியாதவர்களுக்கு எதைக் காட்டுவது?"

மின்தொகுப்பு என்பது சரிதான். ஆனால் அது தொடங்கிய காலத்தில் ஒரு நூலின் முழு உரையையும் கணினிக்குள் ஏற்றித் தேடுவது, உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டும் நடந்த முயற்சி. அந்த நிலையில் இவர்கள் இரண்டு முடிவுகளை எடுத்தார்கள். ஒன்று, நூலைச் சுருக்காமல், ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்புச் சொல் ஒட்டாமல், இருக்கிற உரையை இருக்கிறபடியே ஏற்றுவது. இன்னொன்று, ஓர் எபிரேயச் சொல் எத்தனை வடிவம் எடுக்குமோ அத்தனையையும் தேடுபவருக்காகக் கணினியே விரித்துக்கொள்வது. முதலாவது இன்று எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். இரண்டாவது, தமிழில் தேடுகிற நமக்கு இன்னும் முழுதாகக் கைகூடவில்லை. மணிவிழா கொண்டாடுவதானால் அந்த இரண்டாவதற்காகக் கொண்டாடுங்கள்.

முதலில் ரெஸ்பான்சா என்றால் என்ன என்று பார்க்கலாம். எபிரேயத்தில் 'ஷெயலோத் உத்ஷுவோத்', அதாவது கேள்விகளும் பதில்களும். இதைச் சுருக்கி 'ஷுத்' என்பார்கள். தங்கள் ஊரில் தீர்க்க முடியாத ஒரு சட்டச் சிக்கல் வந்தால், அதை எழுதி வேறோர் ஊரிலிருக்கும் பெரிய ரபிக்கு, அதாவது யூதச் சமயச் சட்ட அறிஞருக்கு, அனுப்புவார்கள். அவர் காரணங்களோடு எழுதியனுப்பும் தீர்ப்புதான் பதில். பாபிலோனியாவின் சூரா, பும்பெதித்தா கல்விச்சாலைகளின் தலைவர்கள் காலத்திலிருந்து ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இந்தக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. பார்சலோனாவில் இருந்த ரஷ்பா என்ற ரபி (1235–1310) ஒருவரே எழுதியவற்றில் 3,000க்கும் மேற்பட்ட பதில்கள் கிடைத்திருக்கின்றன. ரோத்தன்பர்க்கின் ரபி மெயிர் என்சிசைம் கோட்டைச் சிறையில் இருந்தபடியே பதில் எழுதினார். 1293இல் அந்தச் சிறையிலேயே இறந்தார். நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் கொச்சி யூதர்கள் கெய்ரோவில் இருந்த ரபி தாவீத் இப்ன் ஸிம்ராவுக்கு ஒரு கேள்வி அனுப்பினார்கள். தங்களைப் பூர்வீக யூதர் என்று சொல்லிக்கொண்ட சிறுபிரிவு, மற்றப் பெரும்பிரிவோடு மணவுறவு கொள்ளலாமா என்பது சிக்கல். முறைப்படி மதம் ஏற்றிருந்தால் தடையில்லை என்பது அவர் பதிலின் சாரம்.

இந்தப் பதில்கள் சட்டப் புத்தகம்போல வரிசையாக எழுதப்பட்டவை அல்ல. பால் வியாபாரத்தில் வந்த சண்டை, கப்பல் மூழ்கியது, மணமுறிவுச் சீட்டில் ஊர்ப்பெயரை எப்படி எழுதுவது என்று அன்றன்றைக்கு எது வந்ததோ அதற்குப் பதில். பின்னால் தொகுத்தவர்களில் பலர், 14ஆம் நூற்றாண்டில் யாக்கோவ் பென் ஆஷெர் வகுத்த நான்கு பிரிவுகளின்கீழ் இவற்றை அடுக்கினார்கள். ஓராஹ் ஹயிம் அன்றாட வழிபாட்டுக்கும் பண்டிகைக்கும், யோரே தேயா உணவு முதலான விலக்குகளுக்கும், ஏவென் ஹாஎஸெர் திருமணத்துக்கும், ஹோஷென் மிஷ்பாத் சொத்து, கடன், வழக்குக்கும். இந்த நான்கு பெயர்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், தேடும்போது வேண்டும். ஆனால் எத்தனையோ தொகுப்புகளில் இந்த வரிசைகூட இல்லை. ஒருவருடைய நினைவாற்றல்தான் அட்டவணை.

1963இல் ரெகோவோத் நகரின் வைஸ்மன் அறிவியல் நிலையத்தில் அவியெஸ்ரி ஃப்ரெங்கல் என்ற கணிதவியலாளர் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார். 1954–55இல் அங்கே கட்டிய வைசாக் என்னும் இஸ்ரேலின் முதல் கணினியை உருவாக்கிய குழுவில் இருந்தவர் அவர். அதே காலகட்டத்தில் எருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகத்தில், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் துணைத்தலைவரான மெனாஹெம் ஏலோன் தலைமையில் இன்னொரு குழு அதே நூல்களைக் கையாலேயே அட்டவணைப்படுத்திக்கொண்டிருந்தது. சட்டம் படித்தவர்கள் ஒவ்வொரு பதிலையும் வாசித்து, அதில் உள்ள சட்டக் கருத்துகளைப் பிரித்து, தலைப்பின்கீழ் எழுதிவைப்பார்கள். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கப் பதில்களுக்கு அவர்கள் செய்த அடைவு இன்றும் மதிக்கப்படும் நூல். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் கையால் செய்யும் அடைவில், வாசித்தவருக்கு அன்று எது முக்கியமாகப் பட்டதோ அதுதான் இருக்கும். ஒரு பதிலில் போகிற போக்கில் வரும் நாணய மதிப்பு, துணியின் பெயர், ஆற்றின் பெயர் எதுவும் சட்டத் தலைப்பாகாது. பொருளாதார வரலாற்றாசிரியருக்கு வேண்டியதோ அதுதான். ஃப்ரெங்கல் குழு, எது தேவைப்படும் என்று நாம் இன்று முடிவுசெய்ய வேண்டாம், எல்லாச் சொல்லும் இருக்கட்டும் என்று போனது. 60 ஆண்டு கழித்தும் அந்தத் தரவு பழசாகாமல் இருக்கக் காரணம் இந்த முடிவு.

திட்டம் பின்னர் ரமத் கானில் உள்ள பார்-இலன் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. 1970களின் நடுவில் தலைமை, கெய்ரோவில் பிறந்த யாக்கோவ் ஷுவேக்காவிடம் வந்தது. 1980இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் சட்ட அடிப்படைகள் சட்டத்தை இயற்றியது. சட்டத்திலோ முன் தீர்ப்பிலோ விடை கிடைக்காத வழக்கில் இஸ்ரேல் மரபின் சுதந்திரம், நீதி, நேர்மை, அமைதிக் கோட்பாடுகளை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்கிறது அது. மரபு என்ன சொல்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவிக்கு ரபிகளையும் ஆய்வாளர்களையும் தாண்டி வக்கீல்களிடமும் தேவை வந்தது இப்படித்தான்.

இனி மொழிக்கு வருவோம். நம் பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் வருவது 'வந்தான்'. பகுதி 'வா', ஆனால் சொல்லில் 'வா' என்ற எழுத்தே இல்லை. 'வருகிறான்' என்பதிலும் இல்லை. 'வா' என்று தட்டித் தேடினால் இரண்டும் அகப்படாது, 'வாழை' அகப்படும். எபிரேயத்தில் இதே சிக்கல் இன்னும் கடுமையானது. 'நாத்தான்' என்றால் கொடுத்தான். வேர் நூன், தாவ், நூன் என்ற மூன்று மெய்கள். 'யித்தேன்' கொடுப்பான், முதல் நூன் காணாமல் போய்விட்டது. 'லாத்தேத்' கொடுப்பதற்கு, இரண்டு நூனும் போய்விட்டன. 'தேன்' என்றால் கொடு. வேரை எழுத்துவரிசையாகத் தேடினால் பாதிக்குமேல் நழுவிவிடும்.

அதற்குமேல் முன்னொட்டு. எபிரேயத்தில் ஏழு எழுத்துகள் சொல்லின் முன்னால் ஒட்டிக்கொள்ளும்: மேம், ஷின், ஹே, வாவ், காஃப், லாமெத், பேத். நினைவில் வைக்க 'மோஷே வெகாலேவ்' என்று ஒரு பெயர்ச்சொல் கோவையாகவே சொல்லிக்கொடுப்பார்கள். 'இலிருந்து', 'என்று', 'அந்த', 'உம்', 'போல', 'க்கு', 'இல்' என நம் உருபுகளும் இடைச்சொற்களும் செய்யும் வேலையை இவை செய்கின்றன. நாம் சொல்லின் வாலில் ஒட்டுவதை அவர்கள் தலையில் ஒட்டுகிறார்கள். இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். பின்னால் 'என்', 'உன்', 'அவன்' என்ற உடைமை ஒட்டும். 'பயித்' வீடு, 'பெய்த்தி' என் வீடு, 'பெய்த்தோ' அவன் வீடு, பன்மை 'பாத்தீம்'. அகரவரிசை அடைவில் இதெல்லாம் ஒரே இடத்தில் வராது. முன்னொட்டு ஒட்டியவுடன் சொல் வேறு எழுத்தின்கீழ் போய்விடுகிறது.

இதை இரண்டு வழியில் தீர்க்கலாம். உரையை ஏற்றும்போதே ஒவ்வொரு சொல்லையும் பகுத்து வேரைக் குறித்துவைக்கலாம். கோடிக்கணக்கான சொற்களுக்கு இதைச் செய்தால் பிழை வரும், வந்த பிழை அங்கேயே உறைந்துவிடும். இன்னொரு வழி, உரையைத் தொடாமல், தேடுபவர் கொடுத்த சொல்லிலிருந்து இலக்கணப்படி சாத்தியமான எல்லா வடிவங்களையும் பிறப்பித்து, அவற்றில் உரையில் உண்மையிலேயே இருப்பவை எவை என்று சொற்பட்டியலோடு ஒப்பிடுவது. ரெஸ்பான்சா திட்டம் வளர்த்தது இந்த இரண்டாவது அணுகுமுறையை. 1978இல் ஷுவேக்கா, ஃப்ரெங்கல் உள்ளிட்டோர் 'கேத்மா' என்ற பெயரில் வெளியிட்ட மொழிக்கருவிகள் பற்றிய கட்டுரை இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. பயனர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் அழகு இன்னும் நன்றாகத் தெரியும். விரிந்த பட்டியல் கண்முன் வரும், வேண்டாத வடிவங்களை நீங்களே நீக்கலாம். கணினி உங்களுக்குத் தெரியாமல் எதையும் முடிவுசெய்வதில்லை. மூல உரைக்கும் சேதமில்லை.

வடிவம் விரிந்தால் அடுத்த தொல்லை, ஒரே எழுத்துக்கோவைக்குப் பல பொருள். எபிரேயத்தில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. 'கல்', 'கால்', 'கோல்', 'கூலி' எல்லாவற்றையும் 'க ல' என்று மட்டும் எழுதிவிட்டு, வாசிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வைத்தால் எப்படியிருக்கும்? அதுதான் அங்கே வழக்கம். ஸாமெக், பே, ரேஷ் என்ற மூன்று எழுத்து 'ஸேஃபெர்' (புத்தகம்) ஆகலாம், 'ஸப்பார்' (முடிதிருத்துபவர்) ஆகலாம், 'ஸாஃபார்' (எண்ணினான்), 'ஸிப்பேர்' (சொன்னான்), 'ஸ்ஃபார்' (எல்லைப்புறம்) ஆகலாம். ஷின், பேத், தாவ் 'ஷபாத்' என்ற ஓய்வுநாளாக இருக்கும். முன்னொட்டு ஷின்னைப் பிரித்தால் 'ஒரு மகள் என்பது' என்று பொருள்தரும் 'ஷெபத்' ஆகிவிடும். ஓய்வுநாள் சட்டமும் சொத்துரிமைச் சட்டமும் ஒன்றாக வந்து விழும்.

இதற்கு ஷுவேக்காவும் கனடாவின் செர்ஜ் லூசின்யானும் 1985இல் காட்டிய வழி மிக எளிது. ஒரு சொல்லின் பொருளைத் தெளிவாக்கப் பெரும்பாலும் அதன் பக்கத்துச் சொல் ஒன்றோ இரண்டோ போதும். ஆகவே 50,000 வரிகளைப் படிக்கத் தேவையில்லை. அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் வரும் அண்டைச் சொற்களைத் திரட்டி, 'இந்த அண்டை வந்தால் புத்தகம், அந்த அண்டை வந்தால் முடிதிருத்துபவர்' என்று ஒருமுறை குறித்துவிட்டால் ஆயிரக்கணக்கான இடங்கள் ஒரேயடியாகத் தெளிவாகும். 1977இல் அத்தாரும் ஃப்ரெங்கலும் எழுதிய இன்னொரு கட்டுரை, தேடிக் கிடைத்த ஆவணங்களிலிருந்தே அடுத்த தேடலுக்கான புதுச் சொற்களைக் கணினி எடுத்துத் தரும் முறையை விவரிக்கிறது. தேடுபொறி ஆய்வில் இது பின்னால் ஒரு கிளையாகவே வளர்ந்தது. அந்த யோசனையின் பின்னால் ரபிகளின் கடிதங்களில் தேடியவர்கள் இருந்தது பலருக்கும் தெரியாது.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அது எங்கெல்லாம் வருகிறது என்ற முகவரி வேண்டும். ஆவண எண், பத்தி எண், வாக்கிய எண், சொல் எண் என்று நான்கு பகுதி. இப்படிச் செய்த சொல்லடைவு மூல உரைக்கு ஈடாகவே பெருத்துவிடும். அந்தக் காலத்து வட்டுக்கு அது தாங்காது. முகவரிகள் ஏறுவரிசையில் இருப்பதால் ஒன்றுக்கு அடுத்தது பெரும்பாலும் அதே ஆவணம், சிலசமயம் அதே பத்தி. முந்தையதோடு பொதுவான முன்பகுதியை விட்டுவிட்டு மாறுவதை மட்டும் எழுதினால் இடம் மிச்சம். 1990களில் முழுத்தொகுப்பும் சிடியில் அடங்கி வீடுகளுக்கும் கல்விச்சாலைகளுக்கும் போக முடிந்ததில் இந்த வகைச் சுருக்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

என்னைக் கேட்டால் மொத்தத்தில் மிகக் கடினமானது சுருக்கெழுத்துதான். ரபிகள் தாளும் நேரமும் மிச்சம் பிடிக்க எதையும் முதலெழுத்துகளாகச் சுருக்குவார்கள். கடைசி எழுத்துக்கு முன்னால் இரட்டைக் கோடு போட்டால் அது சுருக்கம். ஆலெஃப்-ஆலெஃப் என்ற இரண்டெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'இ எஃப்ஷார்' (முடியாது), 'ஏஷெத் ஈஷ்' (மணமான பெண்), 'அதோனி அவி' (என் தந்தையார்), 'அவ்ராஹாம் அவீனு' (நம் தந்தை ஆபிரகாம்) எல்லாமே அதுதான். ஒரே பத்தியில் இரண்டு பொருளில் வரவும் தடையில்லை. நம் அடிக்குறிப்புகளில் 'தொ.' என்பது தொகுதியா, தொகுப்பாசிரியரா, தொலைபேசியா என்று இடம் பார்த்துத்தான் தெரிகிறது; அதைப் பக்கத்துக்கு இருபது என்று பெருக்கிக்கொள்ளுங்கள். எந்த இலக்கண விதியும் இதை விரித்துத் தராது. சுருக்கங்களுக்குத் தனி அகராதி வேண்டும், அது தருவதும் சாத்தியங்களை மட்டுமே. தேடுபவர் தன் தலைப்புக்கு என்ன சுருக்கம் வழங்குகிறது என்று அறிந்து, அதையும் தேடலில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கிடைத்ததே முழுமை என்று நம்பிவிடுவார். புதிதாகத் தேடுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கே.

ஓர் உண்மைத் தேடலைப் படிப்படியாகப் பார்ப்போம். கடலில் காணாமல் போனவரின் மனைவி மறுமணம் செய்யலாமா? யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தல்மூதில் யெவாமோத் பகுதி, 121ஆம் தாளில் இதற்கு அடிப்படை விதி இருக்கிறது. நாலாபக்கமும் கரை தெரியும் நீரில் ஒருவர் மூழ்கி, உயிர் பிரியும் நேரம்வரை எழவில்லை என்றால் மனைவிக்குத் தடையில்லை. கரை தெரியாத நீர், 'மயிம் ஷெஏன் லாஹெம் ஸோஃப்' (முடிவில்லாத நீர்) என்றால் தடை. அவர் எங்கோ கரையேறியிருக்கலாம். மூழ்கிய கப்பலில் இருந்த ரபி அகிவா ஒரு பலகையைப் பற்றிக்கொண்டு பிழைத்த கதையும் அதே தாளில் வருகிறது. 1968 ஜனவரியில் தாக்கார் என்ற இஸ்ரேல் நீர்மூழ்கிக் கப்பல் 69 பேரோடு மத்தியதரைக் கடலில் காணாமல் போனபோது, ராணுவத் தலைமை ரபி ஷ்லோமோ கோரன் இந்த விதியின் எல்லைகளை ஆராய்ந்துதான் அந்த மனைவிகள் மறுமணம் செய்ய அனுமதி கொடுத்தார். கப்பலின் உடைந்த பாகங்கள் கடலடியில் அகப்பட்டது 1999இல்.

முதல் தேடல், அந்த நாலுசொல் தொடர் அப்படியே. வரும், ஆனால் குறைவாக. இரண்டாவது, 'மயிம்' (நீர்) என்பதற்கு ஐந்து சொல் தூரத்துக்குள் 'ஏன்' (இல்லை), 'ஸோஃப்' (முடிவு) இரண்டும் எல்லா வடிவங்களிலும். இப்போது அளவுக்கு மீறி வரும். ஏனென்றால் 'ஏன் ஸோஃப்', முடிவிலி, என்பது கபாலா மறைஞானத்தில் இறைவனைக் குறிக்கும் சொல். ஆகவே ஸோஹார் முதலிய கபாலா நூல்களைத் தேடல் எல்லையிலிருந்து விலக்க வேண்டும். மூன்றாவது, சுருக்கம். இந்தத் தொடருக்கு மேம், ஷின், ஆலெஃப், லாமெத், ஸாமெக் என்ற ஐந்தெழுத்துச் சுருக்கம் வழக்கில் உண்டு. சிலர் 'மயிம்' என்பதை முழுதாக எழுதிவிட்டு மீதியை மட்டும் சுருக்குவார்கள். இரண்டு வடிவத்தையும் தனித்தனியாகக் கொடுங்கள். பிற்காலப் பதில்களில் இவை மண்டிக் கிடக்கும். நான்காவது, மூழ்கினான் என்ற பொருளில் 'தாபா', அதன் பக்கத்தில் 'ஸ்ஃபினா' (கப்பல்). 'தாபா'வின் எழுத்துகளே 'தேவா' (இயற்கை) என்றும் படிக்கப்படும். கப்பலைப் பக்கத்தில் வைப்பதால்தான் அந்தக் குப்பை வடிகிறது. ஐந்தாவதாக, கைவிடப்பட்ட மனைவியர் பற்றிய சட்டம் ஏவென் ஹாஎஸெர் 17ஆம் பிரிவில் இருப்பதால் அந்தப் பிரிவுக்கான உரைகளையும், அதை மேற்கோள் காட்டும் பதில்களையும் எடுங்கள். ஐந்தையும் சேர்த்துக் கால வரிசையில் அடுக்கினால் விதி எங்கே இறுகியது, எங்கே தளர்ந்தது என்று தெரியும். ஒரே தேடலில் முடித்துவிட நினைக்காதீர்கள்.

கிடைத்ததை வாசிப்பதில் வேறு ஆபத்துகள் இருக்கின்றன. ஒரு பதிலின் முற்பாதியில் ரபி எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு கட்டி எழுப்புவார். 'லிஹ்ஓரா' (மேலோட்டமாகப் பார்த்தால்) என்று தொடங்கி இரண்டு பக்கம் போவார், பிறகு அதை இடிப்பார். தேடுபொறி காட்டும் மூன்று வரி அந்த முற்பாதியிலிருந்து வந்தால் தீர்ப்பு தலைகீழாகிவிடும். சிலர் முழுதும் வாதித்துவிட்டு 'கோட்பாட்டுக்கு, நடைமுறைக்கல்ல' என்று ஒரு வரியில் முடிப்பார்கள். கடைசிப் பத்தியைப் படிக்காமல் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். 40 இடத்தில் ஒரு கருத்து வந்தால் 40 பேர் அப்படிச் சொன்னதாகவும் ஆகாது. ஒருவர் சொன்னதை 39 பேர் எடுத்துக்காட்டியிருப்பார்கள், அவர்களில் பாதிப்பேர் மறுக்கவே எடுத்திருப்பார்கள்.

பழைய அச்சுப் பதிப்புகளில் தணிக்கை புகுந்திருக்கும். யூதரல்லாதவரைக் குறிக்கும் 'கோய்' என்ற சொல்லைத் தணிக்கைக்குப் பயந்து சிலைவணக்கத்தாரைக் குறிக்கும் 'அக்கும்' என்று மாற்றியிருப்பார்கள். ஒன்றை மட்டும் தேடினால் மற்றது நழுவும். யோத், வாவ் எழுத்துகளைச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதும் இருவகை எழுத்துமுறை உண்டு. தாலெத்-ரேஷ், பேத்-காஃப், ஹே-ஹெத் ஆகியவை கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் அச்சுப்பிழையும் நுழையும். ஊர்ப்பெயர்களில் இது பெரிதாக உறுத்தும். ஆனால் மணமுறிவுச் சீட்டில் ஊரையும் ஆற்றையும் துல்லியமாக எழுத வேண்டும் என்ற விதியால், எழுத்துக்கூட்டலைப் பற்றியே தனிப் பதில்கள் நிறைய உண்டு. ஐரோப்பிய ஊர்ப்பெயர் ஆராய்பவர்களுக்கு இதுபோன்ற சுரங்கம் வேறெங்கும் எளிதில் அகப்படாது.

புதுப்பொருளைத் தேடும்போது சொல்லை நம்பாதீர்கள். மின்சாரத்துக்கு இன்றைய எபிரேயம் 'ஹஷ்மல்'. அது எசேக்கியேல் நூலின் முதல் அதிகாரத்தில் தீயின் நடுவே ஒளிர்ந்த ஒன்றின் பெயர். தேடினால் அந்தத் தரிசனமும் அதன் உரைகளும் வந்து குவியும். ஓய்வுநாளில் சுவிட்சைப் போடலாமா என்பதை ஆராய வேண்டுமானால் தீ மூட்டுதல், கட்டுதல், இறுதிச் சம்மட்டியடி (ஒரு பொருளைச் செய்துமுடிக்கும் கடைசிச் செயல்) என்ற மூன்று பழைய விலக்குகளையும் மின்சாரத்தோடு சேர்த்துத் தேட வேண்டும். 20ஆம் நூற்றாண்டுப் பதில்களில் மோஷே ஃபைன்ஸ்டைன், எலியேசர் வால்டென்பெர்க், ஓவாதியா யோசெஃப் ஆகியோருடையவை இத்தகைய கேள்விகளுக்குத் தவிர்க்க முடியாதவை.

இதன் மூத்த சகோதரரையும் நிகழ்ச்சியில் சொல்லுங்கள். 1942இல், போரின் நடுவே, ரபி மெயிர் பார்-இலன் எருசலேமில் தல்மூதுக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். ரபி ஷ்லோமோ யோசெஃப் ஸெவின் ஆசிரியராக இருக்க, முதல் தொகுதி 1947இல் வந்தது. ஒவ்வொரு சட்டக் கருத்தையும் அகரவரிசையில் எடுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் மூலம் காட்டிக் கட்டுரையாக எழுதும் வேலை. பல பத்துத் தொகுதிகள் வந்தன. 1955இல் தொடங்கிய பார்-இலன் பல்கலைக்கழகம் ரபி மெயிரின் பெயரையே தாங்குகிறது. ஒரு கருத்தின் வரைபடம் வேண்டுமென்றால் கலைக்களஞ்சியம், அந்த வரைபடத்தில் இல்லாத சந்துக்குள் போக வேண்டுமென்றால் ரெஸ்பான்சா. நல்ல ஆய்வாளர் முதலில் அதில் தொடங்கி இதில் முடிப்பார்.

திட்டத்துக்கு 2007இல் இஸ்ரேல் பரிசு கிடைத்தது. தொகுப்பு 20 கோடிச் சொற்களைத் தாண்டிவிட்டது. விவிலியம், மிஷ்னா (தல்மூதுக்கு அடிப்படையான சட்டநூல்), இரண்டு தல்மூதுகள், மித்ராஷ் (விவிலிய விளக்கங்கள்), சட்டத்தொகுப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைப்புகளால் கோக்கப்பட்டிருக்கின்றன. முழு வசதிக்குச் சந்தா கட்ட வேண்டும். அண்மைக்கால நூல்கள் பலவற்றுக்குக் காப்புரிமை இருப்பது ஒரு காரணம் என்றாலும், இந்தியாவில் இருக்கும் மாணவருக்கு அது தடைதான், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 2011இல் தொடங்கிய செஃபாரியா என்ற இணைய நூலகம் இலவசம், ஆங்கில மொழிபெயர்ப்பும் தருகிறது. ஆனால் ரெஸ்பான்சா தொகுப்புகளின் விரிவும் வடிவ விரிப்பின் நுணுக்கமும் பார்-இலனுக்கு உரியவை.

நிகழ்ச்சிக்கு 90 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் 15 நிமிடம், பலகையில் உயிர்க்குறி இல்லாமல் ஒரு தமிழ்ப் பத்தி எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். 'க ல', 'ப ட', 'ம ண' என்று தடுமாறட்டும். அடுத்த 20 நிமிடம், இணையத்தில் உள்ள ஏதாவது ஒரு தமிழ் நாவலின் உரைக்கோப்பில் 'வா' தேடி, எத்தனை 'வந்த', 'வரு' நழுவின என்று எண்ணச் சொல்லுங்கள். உடனே 'நாத்தான், யித்தேன், லாத்தேத்' என்று மூன்றையும் பக்கத்தில் எழுதினால் விளக்கமே வேண்டாம். பிறகு 25 நிமிடம், செஃபாரியாவில் யெவாமோத் 121ஐ ஆங்கிலத்தோடு திறந்து, கரை தெரியும் நீர், தெரியாத நீர் பகுதியை வாசியுங்கள். ஒருவர் முழுத்தொடரையும் இன்னொருவர் சுருக்கத்தையும் தேடி, இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடட்டும். எபிரேய எழுத்தில் அந்தத் தொடரையும் சுருக்கத்தையும் முன்கூட்டியே நகலெடுத்து வைத்தால் எபிரேயம் தெரியாதவரும் ஒட்டித் தேடலாம். அந்த இரட்டைக் கோட்டுக்குத் தனிக் குறியீடு உண்டு, விசைப்பலகை மேற்கோள்குறியும் அதற்குப் பதிலாக வழங்கும். ஒன்றில் பூஜ்யம் வந்தால் மற்றதைப் போட்டுப் பாருங்கள். கடைசி 30 நிமிடத்தில், 'தாபா' எழுத்துகளைத் தேடிக் கிடைக்கும் முதல் 50 முடிவுகளை ஆங்கிலத்தின் துணையோடு மூழ்குதல், இயற்கை என இரண்டு கூடையாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எந்த அண்டைச் சொல் அவர்களுக்கு உதவியது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே வரட்டும்.